முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்

எங்கள் ஊரில் ஒரு கடை திறந்து வருடம் முடிவதற்குள் மூடிக் கிடந்தால், "வியாபாரம் ஓடலை போல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பல நேரங்களில் வியாபாரம் நன்றாகவே ஓடியிருக்கும். உரிமம்தான் வந்திருக்காது. கடைக்காரர் ஏதாவது தப்பு செய்தாரா என்று பார்த்தால் அதுவும் இருக்காது. கடை நிற்கும் மண்ணை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பல வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தாளை அவர் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருப்பதால் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஐசி (அடையாள அட்டை) நகலெடுக்க வருகிறவர்கள், "அப்படியே இந்த பாரத்தையும் பூர்த்தி பண்ணிக் கொடுங்கக்கா" என்பார்கள். வணிகப் பதிவு, கடை உரிமம், பெயர்ப்பலகை அனுமதி, சம்மன் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் என்று ஊரில் பாதித் தாள்கள் என் மேசையைத் தாண்டித்தான் எங்கள் ஊராட்சி அமைப்பான மாவட்ட மன்றத்துக்குப் போகின்றன. ஊர்ப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்த மன்றம், எந்த நில அலுவலகம் என்று தெரிந்துவிடும். அங்கே முகப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். இந்த விதிகளை அவர்கள் எழுதவில்லை.

மலேசியாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஏதாவது ஒரு தோட்டப் பட்டணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நெடுஞ்சாலை. அதன் ஒரு பக்கம் எதிரெதிராக இரண்டு வரிசைப் பழைய கடைவீடுகள், முன்னால் அஞ்சடி நடைபாதை. மறுபக்கம், ரப்பராக இருந்து செம்பனையாக மாறிய தோட்டம். கோயில், தமிழ்ப்பள்ளி, பழைய மருந்தகக் கட்டடம். தோட்டத்தின் ஒரு பகுதியை விற்று அங்கே தாமான் என்ற வீடமைப்புப் பகுதியைக் கட்டினார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களில் பலர் அந்த மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்தார்கள். இப்போது தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக் கடை, பூக்கடை, மோட்டார் பட்டறை, தையல், முடிதிருத்தும் கடை, கேட்டரிங், கார் கழுவும் இடம் என்று ஆளுக்கொரு தொழிலில் இறங்கிவிட்டார்கள். பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லாத ஊரில் சொந்தமாக ஏதாவது செய்தால்தான் பிழைப்பு.

ஆனால் அவர்கள் தொழில் செய்யும் நிலத்தில் ஒரு பகுதி, தாளில் இன்னும் தோட்டமாகத்தான் இருக்கிறது.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அது நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. எந்த வகை, அதற்குள் என்ன நிபந்தனை என்று பட்டாவிலேயே எழுதியிருக்கும். அதற்கு முன்பே கொடுக்கப்பட்ட, வகை எதுவும் குறிக்காத கிராமப்புற நிலமாக இருந்தால், பொதுவாக விவசாயத்துக்கு மட்டும்தான். எங்கள் சாலையோரத்துத் துண்டு நிலங்களில் பல இந்த ரகம். அவை எப்படித் துண்டாயின என்பது இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே என் மாமனாருக்கு முகம் மாறிவிடும். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் உண்டு. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கப் புறப்பட்டது அந்தக் காலத்தில்தான். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியும் அதன் பிறகு சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் அதற்குள் துண்டாகிப் போனது போனதுதான். அப்படிப்பட்ட ஒரு துண்டில் இன்று டயர் கடை நிற்கிறது. அதன் பட்டாவை நகலெடுக்கக் கொண்டுவந்தார்கள். நிபந்தனை என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: "கெத்தா". ரப்பர்.

பட்டாவோடு கதை முடிவதில்லை. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உள்ளூர்த் திட்டம் இருக்க வேண்டும். வண்ணம் வண்ணமாக ஒரு வரைபடம், இது வீடு, இது கடை, இது தொழில், இது விவசாயம் என்று. பட்டா ரப்பர் என்று சொல்லும் அதே துண்டை, வரைபடம் வணிகம் என்று சொல்லலாம். நிலத்தின் பயன்பாட்டையோ கட்டடத்தின் பயன்பாட்டையோ குறிப்பிடும்படி மாற்றினால் 'கெபெனாரான் மெரான்சாங்' என்ற திட்டமிடல் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் அபராதம் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் போகலாம். அப்புறம் கட்டடம். அது என்னவாக அங்கீகரிக்கப்பட்டது, அதற்குத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா? 2007க்கு முன்னால் அதை மன்றம் கொடுத்தது. அதன்பிறகு கட்டட வரைஞரோ பொறியியலாளரோ கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றிதழாக மாறியது. போருக்கு முன்பு கட்டிய எங்கள் கடைவீடுகளுக்கு இந்த இரண்டையும் தேடினால் கிடைக்காது. இவ்வளவுக்கும் பிறகுதான் கடைக்காரர் "உரிமம்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தாள் வருகிறது.

இந்த வரிசையைக் கடைக்காரர் தலைகீழாகச் சந்திக்கிறார். அங்கேதான் எல்லாக் கோளாறும்.

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் பெரிய உணவகம் ஒன்றில் பல வருடம் சமையல் வேலை செய்தவர். மனைவி பிள்ளை உண்டானதும் ஊருக்கே திரும்பி வந்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போட நினைத்தார். சாலையோரத்தில் பழைய இரும்புச் சாமான் கடை ஒன்று காலியாக இருந்தது. இரும்புக் கடைக்காரர் அங்கே பல வருடம் இருந்தவர். கடை இருந்த இடத்தில் இன்னொரு கடை வைப்பதில் என்ன சிக்கல் வரப்போகிறது? வாடகைக்குப் பேசினார். இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்குத் தனியாக ஒரு மாத முன்பணம். தரைக்கு ஓடு பதித்தார், புகைபோக்கி வைத்தார், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எண்ணெய் பிடிக்கும் பெட்டி பொருத்தினார். நான்கு பேருக்கு டைபாய்டு ஊசி. உணவு கையாளும் பயிற்சிக்கு நான்கு பேரும் போய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகள் அதைக் கேட்கின்றன, கேட்பதும் நியாயம்தான். தீயணைப்புக் கருவி வாங்கி மாட்டினார். பலகைக்கு மலாயில் பெரிய எழுத்து, தமிழில் சின்ன எழுத்து. எதிலும் குறுக்கு வழி தேடவில்லை. முப்பதாயிரத்துக்கு மேல் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு விண்ணப்பம். அதற்குப் பிறகு ஒரு பக்கக் கடிதம். நிலத்தின் நிபந்தனை விவசாயம், ஆகவே பரிசீலிக்க இயலாது.

அவர் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்து, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா?" என்று மட்டும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்படியானால் இரும்புக் கடை எப்படி நடந்தது? வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில். அது அந்த ஆளோடு வந்தது, அவரோடு போய்விட்டது. கடை இருந்ததற்கான அடையாளம் சுவரில் இருந்தது, தாளில் இல்லை. சரி, பட்டாவின் நிபந்தனையை மாற்றச் சொல்லிக் கேட்கலாமே என்றால், 'துக்கார் ஷாராட்' விண்ணப்பத்தை நில உரிமையாளர்தான் போட முடியும். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. மாற்றினால் மாநிலத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும், நில வரியும் ஏறும். மாதம் எழுநூறு வெள்ளி வாடகைக்காக எந்த உரிமையாளர் அதைச் செய்வார்? இந்த நிலத்தில் இன்னொரு சங்கடம். பட்டாவில் அண்ணன் தம்பி இருவர் பெயர். அண்ணன் காலமாகிவிட்டார், சொத்துப் பிரிக்கும் வழக்கு முடியவில்லை. தம்பி ஈப்போவில் இருக்கிறார், வாடகை வாங்க மட்டும் கைப்பேசியை எடுப்பார்.

முன்பணம் கொடுத்து, ஓடு பதித்து, ஊசி போட்ட பிறகு நிலத்தின் நிபந்தனையைப் பார்ப்பது, தாலி கட்டி முடிந்ததும் ஜாதகத்தைப் பிரிக்கிற மாதிரி. ஆனால் எங்கள் ஊரின் முறை அப்படித்தான் அமைந்திருக்கிறது. விண்ணப்பத்தோடு வாடகை ஒப்பந்தத்தின் நகலை வைக்க வேண்டும், கடையின் உட்புறப் படம் வைக்க வேண்டும், ஊசி அட்டை வைக்க வேண்டும். காசு செலவழித்துவிட்டேன் என்பதற்கான ஆதாரத்தை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் முடியுமா முடியாதா என்ற கேள்விக்கே பதில் சொல்கிறார்கள்.

மறுப்புக் கடிதம் வந்த எல்லோரும் கடையை மூடுவதில்லை. பலர் திறந்தே வைத்திருக்கிறார்கள். எப்போதாவது அமலாக்க லோரி வரும், சம்மன் எழுதுவார்கள், மேசை நாற்காலியை ஏற்றிப் போவார்கள். சிலருக்கு இது மாதச் செலவில் ஒன்றாகிவிட்டது. ஆனால் உரிமம் இல்லாத கடை வளராது. சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனில் இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்று ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது; அங்கே போனால் தொழில் ஒழுங்காகப் பதிவாகியிருப்பதற்கான தாளைக் கேட்பார்கள். வங்கியும் கேட்கும். பெரிய கேட்டரிங் ஆர்டர் கொடுக்கும் நிறுவனமும் கேட்கும். உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் முழு நிம்மதி கிடையாது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, மன்றம் காரணம் எதுவும் சொல்லாமலே எந்த நேரத்திலும் உரிமத்தை மீட்டுக்கொள்ளலாம், அதற்கு நஷ்டஈடு கிடையாது என்கிறது. அதிலும் தற்காலிக உரிமம் என்றால் கேட்கவே வேண்டாம். வருடக் கடைசியில் பட்டறைக்காரர்கள் என் கடைக்கு வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். புது ஹைட்ராலிக் தூக்கி வாங்கலாமா என்று ஒருவர் நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். நானாக இருந்தாலும் வாங்க மாட்டேன்.

முறுக்கு சுடும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் பிரச்சினை வேறு வகை. தாமானில் மலிவு விலை வீடு, சொந்த வீடு. தீபாவளிக்கு ஆரம்பித்தது, இப்போது வருடம் முழுக்கச் சுடுகிறார். ஒரு சூப்பர்மார்க்கெட் அவர் முறுக்கை அடுக்கித் தருவதாகச் சொல்லி உரிமம் கேட்டது. வீட்டு நிலத்தில் உணவு உற்பத்திக்கு உரிமம் இல்லை, கடைவீடு எடுங்கள் என்றது மன்றம். கடைவீட்டு வாடகை மாதம் ஆயிரத்துக்கு மேல். இரண்டு அடுப்பு முறுக்கு அதைத் தாங்காது. நாட்டில் சில மன்றங்கள் வீட்டிலிருந்து செய்யும் சிறு தொழிலுக்கென்றே உரிமம் கொடுக்கின்றன, எங்கள் மன்றத்தில் கேட்டால் "இன்னும் வழிகாட்டி வரவில்லை" என்பார்கள். ஆனால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரம்மாவையும் எனக்குத் தெரியும். ஒட்டிய சுவர். பின்வாசலில் வரிசையாக நிற்கும் கேஸ் தோங்கை (சிலிண்டரை)ப் பார்த்து அவர் பயப்படுவதும் நியாயம். இரண்டு அடுப்புக்கும் பத்து அடுப்புக்கும் ஒரே பதிலைச் சொல்கிற விதிதான் இங்கே கோணல். இத்தனை தோங்குக்கு மேல் கூடாது, வெளியாள் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இரவு இத்தனை மணிக்கு மேல் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் அக்காவும் கட்டுப்படுவார், பக்கத்து வீட்டம்மாவும் தூங்குவார்.

நாட்டில் சீர்திருத்தமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நிறைய நடந்திருக்கிறது. 2007இல் தொழில் நடைமுறைகளை எளிதாக்க பெமுடா என்ற பணிக்குழுவை அமைத்தார்கள், அதே வருடம் மன்றங்களில் திட்டமிடல், கட்டட விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் ஓஎஸ்சி எனப்படும் ஒருமுக மையம் வந்தது. 2014இல் அதன் மேம்பட்ட வடிவமான ஓஎஸ்சி 3.0. இப்போது பல மன்றங்களில் கணினி வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆபத்தில்லாத தொழில் என்றால் உரிமம் உடனடியாகவும் வரும். எந்த நாட்டில் தொழில் செய்வது சுலபம் என்று வரிசைப்படுத்திய உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ்' 2020 அறிக்கையில் மலேசியா மொத்தத்தில் 12ஆவது இடம். கட்டுமான அனுமதிப் பிரிவில் உலகத்திலேயே 2ஆவது இடம். அன்றைக்குச் செய்தியைப் படித்துவிட்டு என் கடையில் உட்கார்ந்திருந்த பட்டறைக்காரர் சிரித்த சிரிப்பு வெளியில் வரைக்கும் கேட்டது.

அந்த எண் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் அளந்தது கோலாலம்பூரில் ஒரு கிடங்கு கட்டுவதற்கு ஆகும் படிகளை. அந்தக் கிடங்கின் நிலம் முதலிலேயே ஒழுங்காக இருக்கும், உரிமையாளரே விண்ணப்பிப்பார், கட்டட வரைஞர் கூடவே இருப்பார். எங்கள் ஊரில் விண்ணப்பிப்பவர் வாடகைக்காரர், நிலம் ரப்பர், வரைஞர் என்று யாரும் இல்லை, நான்தான் இருக்கிறேன். தரவில் நடந்த கோளாறுகளுக்காக உலக வங்கி 2021இல் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது, அது வேறு கதை. வேகம் எங்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் "முடியாது" என்ற பதில் மூன்று மாதத்துக்குப் பதிலாக மூன்று வாரத்தில் வந்தாலும் ஓடு பதித்த காசு திரும்ப வராது.

இதே தலைவலி பணக்கார ஊர்களிலும் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில், மிஷன் என்ற வட்டாரத்தில் ஐஸ்கிரீம் கடை போட நினைத்த ஒருவர் கதை 2021இல் செய்திகளில் அடிபட்டது. அங்கே ஏற்கனவே ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தவர் ஆட்சேபம் எழுப்பினார். விசாரணை, இழுபறி. சுமார் 200,000 டாலர் செலவழித்துவிட்டு, ஒரு கரண்டி ஐஸ்கிரீம் கூட விற்காமல் அவர் கைவிட்டார். அதே நகரத்து மக்கள் 2020 நவம்பரில் ஒரு தீர்மானத்துக்கு வாக்களித்திருந்தார்கள்: கடைத்தெருவில் ஏற்கனவே அனுமதிக்கப்பட்ட வகைத் தொழிலாக இருந்தால் 30 நாளுக்குள் அனுமதியைப் பரிசீலித்து முடிக்க வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை என்று. அங்கே எல்லோரிடமும் கேட்டுக் கேட்டே ஒரு கடைக்காரரைச் சாகடித்தார்கள். இங்கே யாரிடமும் எதையும் சொல்லாமலே அந்தக் காரியத்தைச் செய்கிறோம். அவர்களுடைய மருந்தை அப்படியே வாங்கி வந்து இங்கே கொடுத்தால் வேலை செய்யாது என்பது என் எண்ணம். அந்த முப்பது நாள், "ஏற்கனவே அனுமதிக்கப்பட்ட வகை" என்ற சொற்களை நம்பி நிற்கிறது. எது அனுமதிக்கப்பட்ட வகை என்பதே எங்கள் சாலையில் யாருக்கும் தெரியாது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு கடைமனையின் லாட் எண்ணை, அதாவது நிலத்தின் எண்ணைச் சொன்னால் மூன்று கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் வேண்டும்: பட்டா என்ன சொல்கிறது, உள்ளூர்த் திட்டம் என்ன சொல்கிறது, கட்டடம் என்னவாக அங்கீகரிக்கப்பட்டது. வாடகை ஒப்பந்தம் கேட்கக் கூடாது, ஊசி அட்டை கேட்கக் கூடாது. கேட்கிறவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. "இந்த மனையில் சாப்பாட்டுக் கடை வைக்கலாமா" என்று ஒரு சின்னக் கட்டணம் கட்டிக் கேட்டால், ஆமாம், இல்லை, இன்னது செய்தால் ஆமாம் என்று எழுத்தில் ஒரு பதில். கொடுத்த பதிலை மன்றம் ஆறு மாதத்துக்காவது காப்பாற்ற வேண்டும். இவ்வளவுதான்.

இதற்குத் தேவையானவற்றில் பாதி ஏற்கனவே இருக்கிறது. நகர, கிராமத் திட்டமிடல் துறையின் ஐபிளான் தளத்தில் எந்த நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; நான் தினமும் பார்க்கிறேன். பட்டாவைத் தெரிந்துகொள்ள நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'ச்சாரியான்' என்ற பட்டா விவரத் தாளை எடுக்கலாம். ஆனால் ஒன்று மத்தியத் துறையிடம், இன்னொன்று மாநில நில அலுவலகத்திடம், மூன்றாவதான கட்டடக் கோப்பு மன்றத்தின் கிடங்கில் எங்கோ ஒரு பெட்டியில். நிலமும் ஊராட்சியும் மாநில அரசின் அதிகாரத்தில் வருபவை. நில அலுவலகமும் மன்றமும் ஒரே மந்திரி புசாரின் (மாநில முதல்வரின்) கீழ்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரு மேசையில் உட்கார முடியாததற்கு அரசியலமைப்பில் எந்தத் தடையும் இல்லை. சிங்கப்பூரில் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் தேடினால் மண்டலமும் கடைமனைக்கு என்ன பயன்பாடு என்பதும் தெரிந்துவிடுகிறது. ஜொகூரிலிருந்து அங்கே போய்த் தொழில் செய்யும் என் ஒன்றுவிட்ட தம்பி அதைக் காட்டியபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அது ஒரே நகரம், ஒரே அரசாங்கம் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் கடைகளை என்ன செய்வது என்பது கஷ்டமான பகுதி. அனுமதியில்லாமல் முளைத்த தொழிற்சாலைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர சிலாங்கூரில் 'பெமுத்திஹான்' என்று ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அந்த வழியைச் சின்னக் கடைகளுக்கும் திறக்கலாம். உள்ளூர்த் திட்டம் வணிகம் என்று சொல்லி, பட்டா மட்டும் ரப்பர் என்று சொல்லும் இடங்களில், உரிமையாளர் பட்டாவை மாற்றுகிற வரைக்கும் வாடகைக்காரருக்கு மூன்று வருட உரிமம் கொடுக்கலாம். ஊராட்சிச் சட்டமே மூன்று வருடம் வரை உரிமம் கொடுக்க இடம் தருகிறது. பிரீமியத்தை உரிமையாளர் தவணையில் கட்டலாம் என்றால் ஈப்போக்காரரும் கைப்பேசியை எடுப்பார் என்று நினைக்கிறேன். வணிக வாடகையை வாங்கிக்கொண்டு விவசாய நில வரி கட்டுகிறவர் மீது எனக்கு அவ்வளவு இரக்கம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விதிகளே வேண்டாம், யார் எங்கே வேண்டுமானாலும் கடை போடட்டும் என்று சொல்கிற கூட்டமும் ஊரில் உண்டு. அவர்களோடு நான் சேர மாட்டேன். தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் ஒருவர் வெல்டிங் பட்டறை போட்டார். பட்டறை எண்ணெய் கால்வாயில் இறங்கி, மழை பெய்தால் பள்ளித் திடலில் வானவில் வண்ணத்தில் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள். தலைமையாசிரியை புகார் எழுதி எழுதி அலுத்துப்போனார். அந்த வெல்டிங்காரரும் நம் ஆள்தான், அவருக்கும் பிள்ளைகள் உண்டு, அந்தப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் அந்தத் தொழில் கூடாது. கூடாது என்பதையும் அவர் இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது? நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது போயே போய்விட்டது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. எங்கள் பகுதிக்கு வருபவர் எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறதோ அந்தக் கட்சிக்காரர். சிலர் நன்றாக ஓடியாடி வேலை பார்த்திருக்கிறார்கள், சிலரை அவர்கள் பதவிக் காலம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாக்கடை அடைத்தால் அவரைக் கூப்பிடலாம். நில வகை மாற அவரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

சட்டம் பொதுமக்களுக்கு வாய் திறக்கக் கொடுக்கிற நேரம் ஒன்று உண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமாக இருந்தால், திட்டமிடல் அனுமதி விண்ணப்பம் வந்ததும் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவித்து, ஆட்சேபிக்க 21 நாள் கொடுக்க வேண்டும். திட்டம் இருக்கிற இடத்தில் அந்தச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. அப்படியானால் பேச வேண்டிய நேரம், திட்டத்தின் வரைவைக் காட்சிக்கு வைக்கும் காலம்தான். குறைந்தது நான்கு வாரம் வைப்பார்கள். எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், நேரில் வந்து விளக்க வேண்டும் என்றும் கேட்கலாம். போன முறை வரைவு மன்றத்தின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். குளிர்சாதன அறை, சுவர் முழுக்க வரைபடம், பார்வையாளர் புத்தகம், பேனா. வரைபடத்தின் மேல் எங்கள் சாலை விரல் நீளம். டயர் கடை, பட்டறை, கார் கழுவும் இடம், அந்தத் தம்பியின் மூடிய கடை எல்லாம் இளம்பச்சை. விவசாயம். பார்வையாளர் புத்தகத்தில் எழுதியிருந்தவர்கள் பெரும்பாலும் வீடமைப்பு நிறுவனத்து ஆட்கள்.

அடுத்த திருத்தம் வரும்போது இந்தப் பச்சையை மாற்றச் சொல்லி, சாலையோரத்து லாட் எண்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பட்டறைக்காரர்கள், டயர் கடைக்காரர், கார் கழுவும் தம்பிகள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வாடகைக்காரர் கையெழுத்து செல்லுமா என்று ஒருவர் கேட்டார். செல்லும். வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுத நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. ஈப்போக்காரருக்கு மட்டும் இரண்டு முறை செய்தி அனுப்பியிருக்கிறேன், நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது. முறுக்கு அக்கா தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அவர் வீடு வேறு தாளில், வேறு கோரிக்கையோடு போக வேண்டும் என்று அதையும் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கடைக்கு வரும்போது உங்கள் நில வரி ரசீதை எடுத்து வாருங்கள். அதில் லாட் எண் இருக்கும்.